திரையில் சொத்தைச் சுருட்டிய ரம்பா; நிஜத்தில் தியேட்டர் கட்டிய ராஜகுமாரி!

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு சென்னை பிராட்வே தியேட்டரில் ஒரு படம் ரிலீஸ் ஆனது. 1945 தீபாவளி வந்தது. அதே தியேட்டரில் அதே படம். 1946 தீபாவளியும் வந்தது. அப்போதும் அதே படம்தான். மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்களே, அந்த 'ஹரிதாஸ்'தான் அது.

ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர். சொல்லவே வேண்டாம், அவர் பாட்டுக்காகவே கூட்டம் வந்தது. ஆனால் பாட்டு மட்டுமா காரணம்? பாகவதர் மன்மதனைப் பற்றிப் பாட, எதிரே ஆடிக்கொண்டிருந்த 22 வயசுப் பெண் கண்ணைச் சுழற்றி, பாட்டின் முடிவில் ஒரு பறக்கும் முத்தத்தை விட்டெறிந்தாரே, அதைப் பார்க்கவே திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தவர்கள் ஏராளம். தொட்டு நடிப்பதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் அந்த முத்தம் ஊரையே கலக்கிவிட்டது.

அந்தப் பெண்தான் டி.ஆர்.ராஜகுமாரி. தமிழ் சினிமாவின் முதல் கனவுக்கன்னி. பின்னாளில் எத்தனையோ பேருக்கு இந்தப் பட்டம் கிடைத்தாலும், வரிசையில் முதலில் நிற்பவர் இவர்தான்.

தஞ்சாவூர் ராஜாயி

ராஜகுமாரி பிறந்தது தஞ்சாவூரில், 1922-ம் ஆண்டு மே 5-ந்தேதி. வீட்டில் வைத்த பெயர் ராஜாயி. பாட்டி தஞ்சாவூர் குஜலாம்பாள் கர்நாடக சங்கீதம் பாடியவர். ஆக, பாட்டும் தாளமும் பிறக்கும்போதே வீட்டில் இருந்தன.

அந்தக் காலத்தில் சினிமாவுக்கு யார் வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். முதல் தமிழ் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தது 1931-ல். அதன் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி திருவையாறுக்காரர், நாடக மேடையில் இருந்து வந்தவர். அவரைப்போல நாடகத்தில் நடித்தவர்கள், இல்லாவிட்டால் சங்கீதமும் நாட்டியமும் பரம்பரையாக வந்த வீட்டுப் பெண்கள், இவர்கள்தான் கேமரா முன்னால் நிற்கத் துணிந்தார்கள். மற்ற வீடுகளில் பெண் பிள்ளை சினிமாவில் நடிக்கப்போகிறேன் என்று சொன்னால் அடி விழும். படம் பார்க்க மட்டும் வீடே கிளம்பி வண்டி கட்டிக்கொண்டு போகும்! நடிகையின் படம் வீட்டுக் காலண்டரில் தொங்கும், ஆனால் நடிகை பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் முகம் சுளிப்பார்கள். ராஜகுமாரியின் வாழ்க்கையைப் படிக்கும்போது இதை மனசில் வைத்துக்கொள்வது நல்லது.

ராஜாயி குடும்பத்தில் சினிமாவுக்கு முதலில் வந்தவர் அவருடைய சித்தி எஸ்.பி.எல்.தனலட்சுமி. 1930-களில் பெயர் பெற்ற நடிகை. அவரைப் பார்க்க சினிமாக்காரர்கள் வீட்டுக்கு வந்து போவது வழக்கம்.

'பவளக்கொடி', 'பாலயோகினி', 'தியாகபூமி' என்று புகழ்பெற்ற படங்களை எடுத்த டைரக்டர் கே.சுப்பிரமணியம் அப்படி ஒரு நாள் தனலட்சுமி வீட்டுக்குப் போனதாகவும், அங்கே வளைய வந்துகொண்டிருந்த மாநிறப் பெண் அவர் கண்ணில் பட்டதாகவும் சினிமா உலகில் ஒரு கதை உண்டு. சித்தியைப் பார்க்கப் போனவர் அக்காள் மகளை ஒப்பந்தம் செய்துகொண்டு திரும்பினாராம். நிறம் கம்மி, கேமராவுக்கு எடுபடாது என்று சிலர் தயங்கியதாகவும், மேக்கப் போட்டுப் பார்த்ததும் வாயடைத்துப் போனதாகவும் அந்தக் கதை நீளும். நிறத்தை வைத்துப் பெண்ணை எடைபோடும் புத்தி அன்றைக்கும் இருந்திருக்கிறது, பாருங்கள்!

கச்ச தேவயானி

ராஜகுமாரி முதலில் நடித்த படம் 'குமார குலோத்துங்கன்'. அது பெரிதாகப் பேர் வாங்கிக் கொடுக்கவில்லை. 1941-ல் கே.சுப்பிரமணியம் இயக்கிய 'கச்ச தேவயானி'தான் அவரைத் தூக்கி நிறுத்தியது. செத்தவரைப் பிழைக்க வைக்கும் மந்திரத்தைக் கற்க அசுரகுரு சுக்கிராச்சாரியாரிடம் வரும் கச்சன்; அவன்மேல் ஆசை வைக்கும் குருவின் மகள் தேவயானி. கச்சனாக கொத்தமங்கலம் சீனு, தேவயானியாக ராஜகுமாரி. படம் ஓடியது. தஞ்சாவூர் ராஜாயி ஒரே படத்தில் ஸ்டார் ஆகிவிட்டார்.

அடுத்த வருடமே பெரிய இடத்துச் சான்ஸ். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரம், சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தை 'மனோன்மணி' (1942) என்ற பெயரில் பணத்தை வாரி இறைத்துப் படமாக்கினார். கதாநாயகன் பி.யு.சின்னப்பா. கதாநாயகி ராஜகுமாரி.

அன்றைக்கு தமிழ்நாட்டு ரசிகர்கள் இரண்டு கட்சி. பாகவதர் கட்சி ஒன்று, சின்னப்பா கட்சி ஒன்று. டீக்கடையில் ஆரம்பிக்கும் வாக்குவாதம் கைகலப்பில் போய் முடியும். இந்தச் சண்டையில் ராஜகுமாரி மட்டும் இரண்டு கட்சிக்கும் சொந்தம்! சின்னப்பாவுடன் 'மனோன்மணி', 'குபேர குசேலா', 'பங்கஜவல்லி', 'கிருஷ்ணபக்தி', 'வனசுந்தரி'. பாகவதருடன் 'சிவகவி', 'ஹரிதாஸ்', 'அமரகவி'. இரு ஹீரோக்களின் ரசிகர்களும் ஒற்றுமையாக ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் ராஜகுமாரிதான் போலிருக்கிறது.

ஜெயிலில் ஹீரோ, தியேட்டரில் படம்

'ஹரிதாஸ்' படத்தில் ராஜகுமாரிக்குத் தாசி ரம்பா வேடம். தாய் தந்தையை மதிக்காத பணக்கார வாலிபனைத் தன் வலையில் வீழ்த்தி, சொத்தைச் சுருட்டிக்கொண்டு அவனை நடுத்தெருவில் நிறுத்துகிற பாத்திரம். மனைவியாக நடித்தவர் பிரபல பாடகி என்.சி.வசந்தகோகிலம். குடும்பப் பெண் அவர், குடும்பத்தைக் கெடுக்கும் பெண் இவர். சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கினார். பாபநாசம் சிவன் பாட்டெழுத, ஜி.ராமநாதன் இசை.

படம் வெளியாகி ஒரு மாதம்கூட ஒழுங்காகப் போயிருக்காது. நவம்பர் 8-ந்தேதி மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்துபோனார். டிசம்பர் கடைசியில் பாகவதரையும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனையும் போலீசார் கைது செய்தார்கள். தமிழ்நாடே அதிர்ந்துபோனது.

1945 மே மாதம் கோர்ட்டு இருவருக்கும் தண்டனை விதித்தது. ஹீரோ ஜெயிலில், அவர் குதிரைமேல் பாடிக்கொண்டு வரும் படம் தியேட்டரில் ஹவுஸ்புல்! இப்படி ஒரு கூத்து அதற்கு முன்பும் நடந்ததில்லை, பிறகும் நடந்ததில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், மறு விசாரணையில் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

வெளியே வந்த பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவில்லை. 1952-ல் 'அமரகவி' வந்தது. ஜோடி யார் தெரியுமா? அதே ராஜகுமாரி. மன்மதப் பாட்டுக்காகத் தியேட்டரை முற்றுகையிட்ட கூட்டம் இந்தத் தடவை வரவில்லை. எட்டே வருடத்தில் ரசிகர்கள் மாறிவிட்டார்கள். தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று பெயர் எடுத்த பாகவதர் 1959-ல் இறந்தபோது கையில் ஒன்றும் இல்லாத நிலை. சின்னப்பா அதற்கு முன்பே, 1951-ல், 35 வயதில் போய்விட்டார்.

இரண்டு பெரிய ஹீரோக்களும் சாய்ந்து விழுந்ததைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர் ராஜகுமாரி. சினிமாப் பணம் எவ்வளவு வேகமாக வருமோ, அவ்வளவு வேகமாகப் போய்விடும் என்பதை அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

முரசின்மேல் ஆடிய சந்திரலேகா

1948 ஏப்ரல் 9-ந்தேதி ஜெமினியின் 'சந்திரலேகா' ரிலீஸ். இந்தப் படத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தீராது. ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன் பல வருடம் பாடுபட்டு எடுத்த படம். டைரக்ஷனை ஆரம்பித்தவர் ராகவாச்சாரி என்கிற ஆச்சார்யா. பாதியில் அவர் விலகிக்கொள்ள, வாசனே முடித்தார். அந்தக் காலத்திலேயே ரூ.30 லட்சம் செலவானதாகச் சொல்வார்கள். பவுன் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

கதை சிம்பிள்தான். கிராமத்து நடனப் பெண் சந்திரலேகா. அண்ணன் தம்பியான இரண்டு இளவரசர்கள். மூத்தவன் வீரசிம்மன் (எம்.கே.ராதா) நல்லவன், இளையவன் சசாங்கன் (ரஞ்சன்) கெட்டவன். இரண்டு பேருக்குமே சந்திரலேகா வேண்டும். நடுவில் சர்க்கஸ், யானை, குதிரை, ஜிப்சி ஆட்டம் என்று என்னென்னவோ வரும்.

கிளைமாக்சில் வரும் முரசு நடனம்தான் படத்தின் உயிர். கோட்டை முற்றம் முழுக்க ராட்சச முரசுகள். அவற்றின்மேல் நடனப் பெண்கள். நடுநாயகமாக ராஜகுமாரி. ஆட்டம் முடிந்ததும் முரசுகளைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வாளோடு குதிக்கிறார்கள். பிறகு நீண்ட கத்திச் சண்டை. கிராபிக்ஸ் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. நிற்பது அத்தனையும் நிஜ ஆள், நிஜ முரசு. டி.வி.யில் போடும்போது இந்தக் காலத்துப் பசங்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

அதே வருடம் டிசம்பரில் இந்தி 'சந்திரலேகா' வந்தது. வடக்கே எல்லா ஊரிலும் சக்கைப்போடு போட்டது. மெட்ராசில் எடுத்த படம் அகில இந்தியாவையும் ஒரு கலக்குக் கலக்கியது என்றால் அதுதான் முதல் தடவை. பிற்பாடு மெட்ராஸ் ஸ்டூடியோக்கள் வரிசையாக இந்திப் படம் எடுத்துச் சம்பாதித்ததற்குப் பிள்ளையார் சுழி போட்டது வாசன். அந்தப் படத்தில் கதையின் நடுவே நின்றவர் நம் தஞ்சாவூர்க்காரர்.

தம்பிக்காக ஒரு கம்பெனி

ராஜகுமாரி சம்பாதித்தார். மற்ற பல நட்சத்திரங்களைப்போல அதை விருந்திலும் வேடிக்கையிலும் கரைக்கவில்லை. யாரோ ஒரு முதலாளி கையில் கொடுத்து ஏமாறவும் இல்லை.

அவருக்கு அடுத்துப் பிறந்த தம்பி டி.ஆர்.ராமண்ணா, ஸ்டூடியோவில் சவுண்ட் என்ஜினீயராக வேலை பார்த்தவர். அக்காவும் தம்பியும் சேர்ந்து 'ஆர்.ஆர்.பிக்சர்ஸ்' என்ற படக் கம்பெனியைத் தொடங்கினார்கள். ராமண்ணாவுக்கு ஒரு ஆர், ராஜகுமாரிக்கு ஒரு ஆர். ராமண்ணா டைரக்டர் ஆனார். 1953-ல் 'வாழப்பிறந்தவள்' வந்தது.

அடுத்த வருடம் இவர்கள் செய்த காரியத்தை வேறு எந்தக் கம்பெனியாலும் செய்ய முடியவில்லை. எம்.ஜி.ஆரையும் சிவாஜி கணேசனையும் ஒரே படத்தில் நடிக்க வைத்தார்கள். 'கூண்டுக்கிளி' (1954). கதை, வசனம் விந்தன். கதாநாயகி பி.எஸ்.சரோஜா. இரண்டு திலகங்களும் சேர்ந்து நடித்த ஒரே படம் இதுதான். படம் ஓடியதா என்றால், இல்லை. சிவாஜி ரசிகருக்கு சிவாஜி வில்லனாக வந்தது பிடிக்கவில்லை. எம்.ஜி.ஆர். ரசிகருக்கு அவர் கஷ்டப்பட்டது பிடிக்கவில்லை. தியேட்டரில் ரகளை வேறு.

இப்படி ஒரு அடி விழுந்தால் சாதாரண கம்பெனி இழுத்து மூடிவிடும். இவர்கள் மறு வருடமே 'குலேபகாவலி' (1955) எடுத்தார்கள். எம்.ஜி.ஆர். புலியோடு சண்டை போட்ட படம். பகடை ஆடி ஆண்களைத் தோற்கடிக்கும் லக்பேஷா என்ற பெண்ணாக ராஜகுமாரி. படம் சூப்பர் ஹிட். விட்ட பணத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிட்டார்கள். பிறகு 'புதுமைப்பித்தன்' (1957), 'பாசம்' (1962), 'பெரிய இடத்துப் பெண்' (1963), 'பணம் படைத்தவன்' (1965), 'பறக்கும் பாவை' (1966) என்று ராமண்ணாவின் எம்.ஜி.ஆர். படங்கள் வரிசை கட்டி நின்றன.

தியேட்டருக்குச் சொந்தக்காரி

சென்னை தியாகராயநகர் பாண்டி பஜாரில் ராஜகுமாரி தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். 'ராஜகுமாரி தியேட்டர்'. சென்னையில் சொந்தமாகத் தியேட்டர் வைத்திருந்த முதல் நடிகை இவர்தான்.

இது சாதாரணமாகத் தோன்றலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடிகை என்றால் யாரோ எடுக்கும் படத்தில், யாரோ சொல்லும் வசனத்தைப் பேசி, யாரோ கொடுக்கும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் என்று இருந்த காலம். படம் ஓடினால் லாபம் தயாரிப்பாளருக்கு, விநியோகஸ்தருக்கு, தியேட்டர்காரருக்கு. முகத்தைக் காட்டிக் கூட்டத்தை இழுத்த நடிகைக்கு, பேசிய சம்பளத்தோடு சரி. வயசு முப்பதைத் தாண்டினால் அதுவும் போச்சு. ராஜகுமாரி படம் எடுக்கும் இடத்திலும் உட்கார்ந்துகொண்டார், படம் ஓட்டும் இடத்திலும் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் யார் படத்துக்கு வந்தாலும் கவுண்ட்டரில் விழும் காசில் அவருக்குப் பங்கு உண்டு.

திரையில் ரம்பாவாகவும் லக்பேஷாவாகவும் ஆண்களின் சொத்தைப் பறித்தவர், நிஜத்தில் தன் உழைப்பில் சொத்து சேர்த்து, தம்பியைக் கைதூக்கிவிட்டு, குடும்பத்தையே தாங்கினார். இந்த வித்தியாசத்தைப் பற்றி அன்றைய சினிமாப் பத்திரிகைகள் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் கண்ணழகைப் பற்றி எழுதவே பக்கம் போதவில்லை!

வசந்தசேனை

1950-களில் ஆட்கள் மாறினார்கள். பத்மினி, சாவித்திரி, அஞ்சலிதேவி என்று புது முகங்கள். பாட்டு நடிகர்களின் காலம் போய் வசன நடிகர்களின் காலம் வந்தது. ராஜகுமாரி ஒதுங்கிப் போகவில்லை. கிடைத்த வேடத்தில் புகுந்து விளையாடினார்.

1953-ல் 'பணக்காரி' வந்தது. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' நாவலைத் தழுவிய படம். வசதியான புருஷனை விட்டு இன்னொருவனை விரும்பும் பெண்ணாக ராஜகுமாரி. எம்.ஜி.ஆரும் நாகையாவும் உடன் நடித்தார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கதைக்கு அப்போது கைதட்டல் கிடைக்குமா என்ன? அதே வருடம் வந்த 'அன்பு' படத்தில் சிவாஜிக்கு இளம் சித்தி. சிவாஜியைவிட அவருக்கு ஆறு வயசுதான் கூட.

1954-ல் 'மனோகரா'. கலைஞர் வசனம், எல்.வி.பிரசாத் டைரக்ஷன். சங்கிலியால் கட்டுண்ட சிவாஜியின் முழக்கமும், தாய் கண்ணாம்பாவின் ஆவேசமும் அந்தப் படத்தின் அடையாளங்கள். ஆனால் அந்த இரண்டு பேரையும் அப்படிக் கொதிக்க வைத்தது யார்? ராஜாவை மயக்கி, ராணியை ஒதுக்கி, அரண்மனையையே ஆட்டிப்படைக்கும் வசந்தசேனை. அதாவது ராஜகுமாரி.

கண்ணாம்பா கர்ஜிப்பார். ராஜகுமாரி குரலை உயர்த்தவே மாட்டார். லேசாக ஒரு சிரிப்பு, ஒரு ஓரப்பார்வை, அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் படத்துக்குப் பிறகு சூழ்ச்சிக்காரப் பெண் என்றாலே வசந்தசேனை என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. மேடையில் அரசியல்வாதிகள்கூட எதிர்க்கட்சிப் பெண்களைத் திட்ட இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன? ஆனால் இன்னொரு பக்கம், நல்ல பெண்ணாக வரும் வாய்ப்பு இதனாலேயே குறைந்தும் போனது. 1959-ல் 'தங்கப்பதுமை'யிலும் பத்மினி கற்புக்கரசி, ராஜகுமாரி அவர் புருஷனை மயக்கும் நடனக்காரி. 15 வருடத்துக்கு முந்தைய அதே ரம்பா கதைதான்!

எம்.ஜி.ஆருக்குத் தாய்

இப்போது சொல்லப்போகும் விஷயம் சினிமாவின் கொடுமைக்கு நல்ல உதாரணம்.

1953-ல் 'பணக்காரி', 1955-ல் 'குலேபகாவலி' என்று எம்.ஜி.ஆரோடு ஜோடியாக நடித்தவர் ராஜகுமாரி. 1962-ல் 'பாசம்' படம் வந்தது. சொந்தத் தம்பி ராமண்ணாதான் டைரக்டர். ஹீரோ எம்.ஜி.ஆர். கதாநாயகி சரோஜாதேவி. ராஜகுமாரிக்கு என்ன வேடம்? எம்.ஜி.ஆரின் அம்மா!

எம்.ஜி.ஆர். பிறந்தது 1917-ல். ராஜகுமாரி 1922-ல். அதாவது மகனைவிடத் தாய் ஐந்து வயது சின்னவர்! ஏழே வருடத்தில் ஜோடி, தாயாகிவிட்டார். ஹீரோ மட்டும் ஹீரோவாகவே இருந்தார். தமிழ் சினிமாவில் அன்றைக்கும் இதுதான் சட்டம், இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை. படத்தில் அந்த வேடத்தை ராஜகுமாரி முகம் கோணாமல் செய்தார். நரை வைத்து, வெள்ளைச் சேலை கட்டி வந்தாலும் அந்தக் கண் மட்டும் பழைய கண்தான் என்று விவரம் தெரிந்த ரசிகர்கள் தியேட்டரில் முணுமுணுத்தார்கள்.

1963-ல் கண்ணதாசனின் 'வானம்பாடி'யில் நடித்தார். அதோடு சரி. 41 வயதில் மேக்கப்பைக் கலைத்தவர் மறுபடி போடவே இல்லை.

வாழையடி வாழை

ராஜகுமாரி போனாலும் குடும்பம் சினிமாவை விடவில்லை. தங்கை முறையான டி.டி.குசலகுமாரி, 'அவ்வையார்' படத்தில் இளவயது அவ்வையாக வந்தவர், 'கூண்டுக்கிளி'யிலும் நடித்தார். பி.எஸ்.சரோஜா, ஈ.வி.சரோஜா என்று இரண்டு நடிகைகள் ராமண்ணாவை மணந்து இந்த வீட்டுக்கு மருமகள் ஆனார்கள். ஒரே வீட்டில் இத்தனை நட்சத்திரங்கள்! வீட்டில் ஒரு விசேஷம் என்றால் கேமரா மட்டும்தான் பாக்கி.

அடுத்த தலைமுறை ஜோதிலட்சுமி, ஜெயமாலினி சகோதரிகள். ராஜகுமாரி இவர்களுக்கு அத்தை முறை. 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் ஜோதிலட்சுமியை ராமண்ணாதான் அறிமுகப்படுத்தினார். 70-களிலும் 80-களிலும் இந்தச் சகோதரிகள் ஆடாத படம் எது? தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று எல்லா மொழியிலும் ஆடினார்கள். பாட்டி வீட்டில் பாடிய சங்கீதம், சித்தி வழியாகச் சினிமாவுக்கு வந்து, ராஜகுமாரியிடம் முரசு நடனமாகி, பேத்தி தலைமுறையில் கிளப் டான்சாக மாறியது என்று சொல்லலாம். ஜோதிலட்சுமியின் மகள் ஜோதிமீனாவும் 90-களில் நடித்தார். ஜோதிலட்சுமி 2016-ல் காலமானார்.

இவர்களைக் கவர்ச்சி நடிகைகள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது பத்திரிகைகளின் வழக்கம். அத்தைக்குக் கனவுக்கன்னி, மருமகள்களுக்குக் கவர்ச்சிக்கன்னி. சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய கதை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

யாருக்கும் முகம் காட்டவில்லை

ராஜகுமாரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லட்சக்கணக்கான ரசிகர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர் கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார். என்ன காரணம் என்று பலர் பலவிதமாகக் கதை கட்டினார்கள். அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

சினிமாவை விட்டபிறகு விழாக்களில் தலைகாட்டுவதையும் பேட்டி கொடுப்பதையும் அறவே தவிர்த்தார். அவரோடு நடித்த பலர் டி.வி.யில் தோன்றி மலரும் நினைவுகள் பேசிக்கொண்டிருந்த காலத்திலும் அவர் வரவில்லை. ரசிகர்கள் மனசில் 'ஹரிதாஸ்' ரம்பாவும் 'சந்திரலேகா'வும் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலும்.

படம் எடுக்கத் தோள் கொடுத்த தம்பி ராமண்ணா 1997-ல் காலமானார். இரண்டு வருடம் கழித்து, 1999 செப்டம்பர் 20-ந்தேதி ராஜகுமாரியும் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 77.

பாண்டி பஜாரில் அவர் கட்டிய தியேட்டர் இப்போது இல்லை. அந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. தி.நகரில் துணி எடுக்க வரும் கூட்டத்தில் பாதிப்பேருக்கு அப்படி ஒரு தியேட்டர் இருந்ததே தெரியாது. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி ஓடிய பிராட்வே தியேட்டரும் போய்விட்டது. ஆட்டோவில் ஏறி ராஜகுமாரி தியேட்டர் பக்கம் போகணும் என்று வழி சொல்கிற பழைய ஆள் ஒருத்தர் ரெண்டு பேர் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.